கண்ணுக்கு முன்னால் ஓர் ஓட்டை

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்ற கவலையை முகத்தில் கொஞ்சமும் காட்டாமல் வீற்றிருக்கும் பேராசிரியர் பெருந்தகை அவர்களே! அந்தத் தலைவருக்கே தலைமை தாங்கி, முன்வரிசையின் நடுநாயகமாக அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார், எங்கள் அன்புக்குரிய அம்மா அவர்களே! அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஆர்வத்தோடு வந்திருக்கும் நண்பர்களே! பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைகளைவிட அதிகமாக எட்டி எட்டிப் பார்க்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! நாற்காலி உயரம் போதாமல் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் செல்வங்களே! எல்லோருக்கும் மேலாக, இதோ என் வலப்பக்கம் கண்ணாடிப் பீடத்தின்மேல் நீலத்துணி போர்த்திக்கொண்டு, இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வாயைத் திறந்தபடியே ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கும் எங்கள் மூத்த விருந்தாளியே! உங்கள் அனைவருக்கும் அருங்காட்சியகத்தின் பணியறையிலிருந்து, பசை வாசமும் கல்தூசியும் கலந்த கைகளோடு, என் வணக்கம்.

என் தொழில் கல்லிலிருந்து எலும்பைப் பிரித்து எடுப்பது. நாளெல்லாம் குனிந்தே இருப்பவளை நிமிர்ந்து நின்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இடையில் குனிந்துவிட்டால் மன்னியுங்கள், பழக்கதோஷம்.

முதலில் உங்கள் விரல்கள் எனக்கு வேண்டும். கைதட்டச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது! இரண்டு விரலை எடுத்துக் கண்ணுக்குப் பின்னால், நெற்றிப்பொட்டில் வையுங்கள். வைத்தாயிற்றா? இப்போது பல்லை இறுகக் கடியுங்கள். விடுங்கள். மறுபடி கடியுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ துள்ளுகிறதா? மூன்றாவது வரிசையில் இருக்கும் பெரியவரே, மெல்ல, மெல்ல! பல் செட் கழன்று விழுந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

துள்ளியது என்ன? உங்கள் தாடையை இழுத்து மூடும் தசை. அது தலையின் பக்கவாட்டில் புறப்பட்டு, கன்ன எலும்பின் வளைவுக்கு உள்ளே புகுந்து, கீழ்த்தாடையைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. புகுவதற்கு ஒரு வழி வேண்டாமா? அந்த வழிதான் ஓட்டை! உங்களுக்கும் எனக்கும், நாய்க்கும் நரிக்கும், நமக்கெல்லாம் மூதாதையாய் முன்னொரு காலத்தில் ஊர்ந்து திரிந்த விலங்குக்கும், கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. ஆமைக்கோ அது இல்லை, மூடிய பெட்டி போன்ற மண்டை. முதலைக்கு? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு! டைனோசருக்கு? இரண்டு! காலையில் உங்கள் ஜன்னலில் வந்து கத்துகிறதே காக்கை, அதன் பாட்டன் முப்பாட்டனுக்கு? அவருக்கும் இரண்டு!

அந்த இரட்டை ஓட்டைக் கூட்டத்துக்குள்ளே ஒரு பெருங்குடும்பம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் இன்னொரு சன்னல் வைத்துக் கட்டிக்கொண்டது. எதற்கு? காற்றுக்கு! வெறும் காற்று நிறைந்த பைகள் இருக்கும் அறை அது. டைனோசர்கள் அந்தக் குடும்பம். முதலையின் முன்னோர்களும் அதே குடும்பம். காலப்போக்கில் முதலைகள் மட்டும் அந்தச் சன்னலைச் சாத்திவிட்டன. இன்று இருக்கும் முதலையின் முகத்தில் தேடினால் அது அகப்படாது. கிட்டப் போய்த் தேடவும் வேண்டாம், நான் சொல்வதை நம்புங்கள்.

பின்வரிசையில் ஒரு நண்பர் கேட்கிறார், "பல்லைப் பார்த்தாலே எந்த விலங்குன்னு தெரியாதா?" என்று. நல்ல கேள்வி. பல் என்ன தொழில் செய்தது என்பதைப் பல் சொல்லும் ஐயா. யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லாது! கடலில் மீன் பிடித்துத் தின்ற ஊர்வன ஒன்று இருந்தது. நீண்ட மூக்கு, வரிசை வரிசையாய் ஊசிப்பல். இன்றைய டால்பினுக்கும் நீண்ட மூக்கு, ஊசிப்பல். ஒன்று ஊர்வன, இன்னொன்று குட்டிக்குப் பால் கொடுப்பது. ஏன் ஒரே மாதிரி பல்? மீன் வழுக்கும், அவ்வளவுதான்! இன்னொரு கடல் வேட்டைக்காரன் இருந்தான். வாயைப் பார்த்தால் முதலை என்று சத்தியம் செய்வீர்கள். மண்டையின் எலும்பு மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் உடும்புக்கும் பாம்புக்கும் பங்காளி. பல்லைப் பார்த்து உறவு கொண்டாடுவது, ஒரே கடையில் சட்டை எடுத்த இருவரை அண்ணன் தம்பி என்று சொல்வது போலத்தான்.

ஆகவே அன்பர்களே, எலும்பு இருக்கும் இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். எலும்பு இல்லாத இடத்தைப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்த இல்லாத இடத்தால்தான் இந்த நீலத்துணிக்கு அடியில் இருக்கும் மண்டை ஓட்டுக்கு ஒரு கதை உண்டாயிற்று. அந்தக் கதையின் கடைசிப் பகுதி இன்னும் நடக்கவில்லை. இன்று இந்த மேடையில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எனக்கே தெரியாது. நம் தலைவர் அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ, அவர் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன்னால், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழியில் இந்தத் தலை கிடைத்தது. இடப்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. வலப்பக்கம் மட்டும் நேற்று வேட்டைக்குப் போய்வந்தது போல முழுசாக இருந்தது. அப்போது அருங்காட்சியகத்தில் எலும்பைச் சீர்செய்ய ஆள் கிடையாது. துணிக்கடைப் பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் ஒட்டவைக்கும் ஒரு பொம்மைக்காரரைக் கூப்பிட்டார்கள். அருமையான கை அவருக்கு. அவரிடம் உடைந்து போன எதுவும் உடைந்தபடி திரும்பி வந்ததில்லை என்பார்கள். அவர் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை. விளிம்பு வழுவழுவென்று இருந்தது. சரி, இது பிறவியிலேயே இருப்பது என்று விட்டுவிட்டார். கண்ணுக்கு முன்னால் இன்னொரு ஓட்டை. விளிம்பு ஓரமெல்லாம் நொறுங்கியிருந்தது. அடடா, யாரோ மண்வெட்டியால் குத்திவிட்டார்கள் என்று எண்ணிவிட்டார்! என்ன செய்வார் நல்ல மனிதர்? சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்தார், அடைத்தார், தேய்த்தார், எலும்பின் நிறத்தில் வண்ணம் பூசினார். எலும்பில் ஓடும் மெல்லிய கீறல்களைக்கூட ஊசியால் கீறிவிட்டார். அப்படி ஒரு நேர்த்தி! வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பொம்மைக்கு மூக்கு ஒட்டியவர் அதைச் சொல்லிக்கொண்டா திரிவார்?

பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் ஓர் இளம் விரிவுரையாளர் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, அடர்ந்த முடி. ஆமாம் தாய்மார்களே, அடர்ந்த முடி! தலைவர் அவர்களே, முறைக்காதீர்கள், பழைய படம் என்னிடம் இருக்கிறது. அவர் எண்ணினார். கண்ணுக்குப் பின்னால் இரண்டு. சரி. குழிக்குள் நட்டு வைத்தது போன்ற பல், ஓரத்தில் ரம்பம். சரி. உயரமான முகம், நிலத்தில் ஓடிய வேட்டைக்காரன். சரி, சரி! முன்னால் சன்னல்? காணோம்! அந்தக் காலத்து நில வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இருக்க வேண்டியது இதற்கு மட்டும் இல்லை! மற்ற முதலை முன்னோர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துச் சாத்தப் போகும் சன்னலை, இது ஒன்று மட்டும் தனியாக, முன்கூட்டியே சாத்திவிட்டதே! உலகத்தில் இப்படி இன்னொன்று உண்டா? இல்லை! ஆகவே புதிய விலங்கு. புதிய விலங்குக்குப் புதிய குடும்பம். புதிய குடும்பத்துக்குப் புதிய பெயர்.

அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

சிரிக்கிறீர்கள், புரிந்துவிட்டது! வைத்துவிட்டார், மனைவியின் பெயரை. வாய்க்குள் நுழையாத நீளமான அறிவியல் பெயர், அதன் நடுவில் பத்திரமாக மனைவி. அம்மா அவர்கள் அப்போது பள்ளியில் கணக்கு டீச்சர். செய்தி கேட்டு அவர் என்ன சொன்னார் என்பதை இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிவிட்டார். "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிக்குக் கம்மல் வாங்கித் தர்றாங்க. வளையல் வாங்கித் தர்றாங்க. இந்த மனுஷன் வாய் நிறையப் பல்லு வச்சிருக்கிற மண்டை ஓட்டைக் காட்டி, 'பாரு, உன்னை மாதிரியே இருக்கா'ன்னு கேட்டார்!" முப்பது வருடமாக இந்தப் புகார். கல்யாண வீட்டில், பேருந்து நிறுத்தத்தில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி. பணியறையில் நாங்கள் அந்த மண்டை ஓட்டை 'டீச்சர்' என்றே கூப்பிடுவோம். "டீச்சருக்குப் பல் தேய்ச்சாச்சா?" "டீச்சர் தலையில பல்லி உட்கார்ந்திருக்கு, விரட்டு." அம்மா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். தெரியாதா? இப்போது தெரிந்துவிட்டது.

இந்தப் புதிய கூடம் கட்டி முடித்ததும், டீச்சரைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்தோம். இடம் மாற்றுவதற்கு முன் தூசி துடைக்க வேண்டும். பணியறையில் மின்விசிறியை நிறுத்திவிடுவோம், இல்லாவிட்டால் எலும்புத் துணுக்குகள் பறந்துவிடும். வேர்வை வழிய, மணல் தட்டில் தலையைச் சாய்த்து வைத்து, ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றினேன். தாடையில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நெற்றியிலும் வெள்ளை. கண்ணுக்கு முன்னால் ஒற்றினேன். பஞ்சு காபி நிறத்தில் வந்தது.

எலும்புக்குச் சாயம் போகுமா?

மறுநாள் மண்டை ஓட்டைப் போர்வையில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய ஸ்கேன் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு நொண்டி நாய், பின்னால் எதையோ விழுங்கிவிட்ட பூனை. ஸ்கேன் எடுக்கும் பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேஷண்ட் பேரு?"

"டீச்சர்."

"வயசு?"

"இருபது கோடிக்கு மேல."

"கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு?"

"அதுவும் அப்பத்தான்மா."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். போர்வைக்கு வெளியே பல் தெரிந்தது. நாற்காலியோடு பின்னால் போனாள். பயம் தெளிந்த பிறகு மற்ற நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு, எங்களைத்தான் முதலில் உள்ளே விட்டாள். நாய்க்காரர் ஒரு வார்த்தை ஆட்சேபிக்கவில்லை.

திரையில் எலும்பு வந்தது. உள்ளே நூல் நூலாய் இழை ஓடியது. கண்ணுக்கு முன்னால் மட்டும் இழை இல்லை. சப்பென்று ஒரு திட்டு. "என்னக்கா இது, மாவு பிசைஞ்சு அப்பின மாதிரி இருக்கு? உள்ள குமிழி குமிழியாத் தெரியுதே" என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. சன்னல் சாத்தப்படவே இல்லை. நாம்தான் சாத்தினோம்.

சன்னல் இருந்தால் என்ன ஆகும்? சொல்கிறேன். அது புதிய விலங்கு இல்லை என்றாகும். தூர தேசத்தில் வேறொருவர் முன்னமே கண்டெடுத்துப் பெயரிட்ட வேட்டை விலங்கின் இன்னொரு தலைதான் இது என்றாகும். பெயர் வைப்பதில் எங்கள் உலகத்தில் ஒரே நீதி, முந்தியவர் பெயரே நிற்கும். பிந்திய பெயர் போய்விடும். குடும்பம் கலைந்துவிடும். அந்த நீளப் பெயரின் நடுவில் முப்பது வருடமாகப் பத்திரமாக இருந்த பெயரும் போய்விடும்.

எங்கள் அருங்காட்சியகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு விலங்குக்குப் பெயரிட்டவர் உயிரோடு இருந்தால், அவர் வாயால் சரி என்று சொல்லாமல் அந்த எலும்பின்மேல் கருவி படக்கூடாது. ஆகவே பேராசிரியரிடம் போனேன். இல்லை, அவரே பணியறைக்கு வந்தார். படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"ஈரம் ஏறியிருக்கும்மா."

"ஈரம் ஏறினா காபி கலர்ல ஒழுகுமா சார்?"

"அப்போ காயம் பட்டு, அதுவே எலும்பு வளர்த்து அடைச்சிருக்கும். உயிரோட இருக்கும்போதே."

"காத்துக் குமிழியோடயா சார் வளர்த்திருக்கும்?"

சிரித்தார். என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"கட்டுரை தப்புன்னா எழுதித் திருத்திடலாம்மா. அது பெரிய விஷயமில்ல. நீ போய் அவகிட்ட சொல்றியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று. "அந்த அடைப்பை எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். நம் மொழியில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! அந்த வாரம் பார்க்கலாம். அடுத்த வாரமும் பார்க்கலாம். திறப்பு விழா நெருங்க நெருங்க, பார்க்கலாம், பார்க்கலாம், பார்க்கலாம்!

ஒரு நாள் பணியறைக் கதவு திறந்தது. கையில் குடை, முகத்தில் சந்தேகம். அம்மா அவர்கள்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. இவர் என்ன பண்ணினார்?"

"யாரும்மா? சாரா? ஒண்ணும் பண்ணலையே."

"ஒண்ணும் பண்ணாத மனுஷன் சொல்லாமலே பாத்திரம் கழுவுவாரா? பதினைஞ்சு நாளாக் கழுவுறார். துணி மடிக்கிறார். நேத்து என்னைப் பார்த்து, 'உன் பேரு ரொம்ப நல்ல பேரு'ங்கிறார்."

அந்த இடத்தில் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினேன். எலும்பைக் காட்டினேன், திட்டைக் காட்டினேன், குமிழியைக் காட்டினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேள்வி கேட்டார். இரட்டை ஓட்டை என்றால் என்ன, ஒற்றை என்றால் என்ன, முந்திய பெயர் யார் வைத்தது. பிறகு மண்டை ஓட்டின் பக்கத்தில் போய் நின்றார்.

"அப்போ இது இல்லாம போயிடுமா?"

"விலங்கு எங்கேயும் போகாதும்மா. பேரு மட்டும்தான் போகும்."

"அதைத்தான் கேட்டேன்" என்றார்.

அன்பர்களே, முப்பது வருடம் ஊரெல்லாம் சொன்ன புகார் எதற்காக என்று அன்று எனக்கு விளங்கியது. யாரும் தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றி அத்தனை பேரிடம் அத்தனை சந்தோஷமாகப் புகார் சொல்ல மாட்டார்கள். நான் ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"படி எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கார். தொடக்கத்துல ஒரு எண்ணைத் தப்பா எடுத்து எழுதிட்டார். அப்புறம் விடை எப்படிச் சரியா வரும்?"

"அவர் மேல தப்பில்லைம்மா. பொம்மைக்காரர் அவ்வளவு நல்லா..."

"தப்பு யார் மேலங்கிறது வேற கணக்கு. முதல்ல விடையைத் திருத்து. என் பேரு இருக்குங்கிறதுக்காக நான் தப்பான விடைக்கு மார்க் போட முடியுமா?"

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் டீச்சர் குரல்தான். அங்கேயே செல்பேசியை எடுத்தார். "நான் அருங்காட்சியகத்துலதான் இருக்கேன். ஆமா, எல்லாம் பார்த்தேன். கையில இருக்கிற பாத்திரத்தைக் கீழ வைங்க. இந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டாளாமே, அதுக்குப் பதில் சொல்லுங்க" என்று செல்பேசியை என் காதில் வைத்தார். மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. பிறகு ஒரே ஒரு சொல்.

"எடு."

வைத்துவிட்டார்.

எடுத்தேன். ஊசியால், மணி மணியாக. அந்தப் பொம்மைக்காரரின் வேலையைப் பிரிக்கும்போது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு அக்கறையாக ஒருவர் தப்புச் செய்ய முடியுமா என்று வியப்பாக இருந்தது. கடைசித் துணுக்கு விழுந்ததும், மேசை விளக்கின் வெளிச்சம் அந்தச் சன்னல் வழியாக உள்ளே போய் மேல்தாடையின் உட்புறத்தில் விழுந்தது. அம்மா வந்து பார்த்தார். ஸ்கேன் எடுத்த பெண்கூட வந்து தூர நின்று பார்த்தாள். பேராசிரியர் மட்டும் வரவில்லை. திருத்தக் கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. அவர் சேர்ந்து எழுதினால் அதற்குப் பெயர் திருத்தம். அவர் விலகி நின்று நான் மட்டும் எழுதினால் அதற்குப் பெயர் சண்டை. இந்த விழாவுக்குத் தலைமை தாங்க வருகிறேன் என்றார். துணியை விலக்குவாரா என்று கேட்டேன். அதற்குத்தான் நீங்கள் நினைக்கிற அந்தச் சொல்லைச் சொன்னார்!

அதனால் இந்தப் பீடத்தின் கீழே இருக்கும் பெயர்ப்பலகை இன்னும் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். எழுதுகிற உரிமை எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். ஓட்டை என்றால் குறை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மதிலில் ஓட்டை என்றால் அடை. கூரையில் ஓட்டை என்றால் அடை. பேச்சில் ஓட்டை என்றால் அடுத்தவனை அடக்கு! இந்தத் தலையை எண்ணிப் பாருங்கள். பின்னால் வழி விட்டது, அதனால் தசை புகுந்தது, அதனால் இரும்பாய்க் கடித்தது! முன்னால் சன்னல் விட்டது, அதனால் தலை கனக்கவில்லை, அதனால் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது! முழுக்க முழுக்க எலும்பாகவே இருந்திருந்தால்? பாரம் தாங்காமல் பட்டினி கிடந்திருக்கும்! அறிவும் அப்படித்தானே? எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு சன்னல் வேண்டாமா? நான் பார்த்தது தப்பு என்று சொல்ல ஒரு சன்னல் வேண்டாமா? அந்தச் சன்னலை அடைத்துவிட்டு, மேலே வண்ணம் பூசி, முழுசாக இருக்கிறேன் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்வது எவ்வளவு எளிது! இன்னொருவர் ஈரப்பஞ்சோடு வரும்வரை எவ்வளவு சுகம்! வரட்டும் அந்த ஈரப்பஞ்சு! போகட்டும் அந்தச் சாயம்! திறக்கட்டும் அந்தச் சன்னல்!

இப்போது கைதட்டலாம். நன்றி. அது போதும், போதும்.

ஐயா... தலைவர் எழுந்துவிட்டார். உட்காருங்கள் நண்பர்களே, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது. படியில் இறங்குகிறார். "பார்த்து, ஒயர் கிடக்கு" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். பீடத்தின் பக்கத்தில் நிற்கிறார். துணியைப் பிடித்துவிட்டார்.

விலக்கிவிட்டார்.

குட்டிச் செல்வங்களே, ஒருவர் பின் ஒருவராக வந்து பார்க்கலாம், இப்போது கொஞ்சம் பொறுங்கள். ஐயா குனிந்து பார்க்கிறார். விரலை உள்ளே விடுகிறார். சார், தொடக்கூடாது என்று இந்தக் கூடத்தில் எல்லாச் சுவரிலும் எழுதி வைக்கச் சொன்னது நீங்கள்தான்! சரி, பரவாயில்லை, உங்களுக்கு மட்டும்.

ஏதோ சொல்கிறார். அவருக்கு மைக் எட்டவில்லை. பின்வரிசைக்காக அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன். பலகையில் இப்படி எழுதச் சொல்கிறார். "இந்த விலங்குக்கு நான் வைத்த பெயர் செல்லாது." ம். "முன்னால் கண்டவர்கள் வைத்த பெயரே இதன் பெயர்." எழுதுகிறேன் சார். "இங்கே ஓட்டை அடைக்கப்பட்டிருந்ததைக் கவனிக்காதவன் நான்." சார், அதை எழுத வேண்டுமா? எழுத வேண்டுமாம். இன்னும் ஒரு வரி இருக்கிறதாம். "திறக்கச் சொன்னவர்..."

அம்மாவின் பெயரைச் சொல்கிறார். முழுப் பெயரை. கீழே "ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை" என்றும் போடச் சொல்கிறார்.

அம்மா எழுந்து நிற்கிறார். அழவில்லை, யாரும் கவலைப்பட வேண்டாம். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, காலியாக இருக்கும் பலகையின் நீளத்தை அங்கிருந்தே அளக்கிறார். என்னிடம் என்ன சொல்கிறார் தெரியுமா? "பெரிய எழுத்துல எழுதும்மா. இவர் பேரை விட ரெண்டு மடங்கு."

எழுதிவிடுகிறேன் அம்மா! கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதை நீங்களும் சாரும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், நான் தலையிட மாட்டேன்.

வேர்வையோடும் வேடிக்கையோடும் இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், துணியை விலக்கிய கைக்கும், சன்னலைத் திறக்கச் சொன்ன வாய்க்கும் நன்றி சொல்லி நான் என் பணியறைக்குக் குனியப் போகிறேன். வரிசையாக வாருங்கள், முன்னால் இருப்பவர் பார்த்து முடிக்கட்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.